சாந்தினி நின்ற இடங்கள்

புரோத்ராபூர்
16 நவம்பர் 2023

ரவி,

எத்தனை நாள் கவனிக்காமல் விட்டால் ஒரு குதிரை இந்த நிலைக்கு வரும்? எனக்குத் தெரியாது. டெலானிபூரில் கூடி நின்று வேடிக்கை பார்த்தவர்கள், நான் உன் அக்கா என்பதால் என்னைத்தான் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள், எங்கள் கல்லூரி வேதியியல் லேபில் வேலை பார்க்கும் ஜாக்குலின் வந்து, "மேடம், உங்க தம்பியோட கல்யாணக் குதிரை எங்க வீட்டுக்குப் பின்னாடி செத்துக்கிட்டிருக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன். சிவபிரகாஷின் பேண்டு செட் ஷெட்டுக்குப் பின்னால், சேறான சரிவில், தலையைத் தாழ்த்தக்கூட முடியாத அளவுக்குக் குட்டையான கயிற்றில் கட்டியிருந்தார்கள். மூக்கைச் சுற்றிக் கட்டிய கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். வெட்டாமல் விட்ட குளம்புகள் தேய்ந்த செருப்புப் போல முன்னால் வளைந்து நீண்டிருந்தன. வெள்ளைக் குதிரை என்று சொன்னால்தான் தெரியும்.

சிவபிரகாஷிடம் கேட்டேன். "ரவி பாய் வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்கான் மேடம். நான் என் டிரம்மைக் காப்பாத்துவேனா, அவன் குதிரையைக் காப்பாத்துவேனா?" என்றான்.

மினி லாரி பிடித்து இங்கே கொண்டுவந்திருக்கிறேன். அம்மாவின் பழைய மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மூக்குக் காயத்துக்கு நானே மருந்து போடுகிறேன். புண்ணைக் கழுவிக் கட்டுவது எனக்குத் தெரியும், படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவின் முதுகில் பழகியது.

உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று சொன்னவள் நான். அதை இந்தக் குதிரைக்காக மாற்றிக்கொள்ள விருப்பமில்லை. பாராடாங் பஸ் கண்டக்டர் அல்போன்ஸ் கடிதத்தை உன் கையில் சேர்ப்பதாகச் சொன்னான். அது என்ன தின்று பழகியது, குளம்பை யார் வெட்டினார்கள் என்று மட்டும் எழுது.

பவானி


பாராடாங்
20 நவம்பர்

அக்காவுக்கு,

நான் மன்னிப்புக் கேட்பேன்னு நீ எதிர்பார்ப்பே. கேட்டா அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுவே. அதனால கேட்கல.

சிவா எனக்கு வீடியோ அனுப்பினான் அக்கா. சாந்தினி நல்லா புல்லு தின்னுக்கிட்டு நிக்கிற மாதிரி. அது பழைய வீடியோன்னு இப்பத்தான் புரியுது. இங்க சுண்ணாம்புக் குகைக்கு டூரிஸ்ட் கூட்டிட்டுப் போற போட்ல வேலை. காலைல காட்டு ரோட்டுல போலீஸ் காவலோட வர்ற முதல் கான்வாய் வண்டிங்க வந்ததுல இருந்து கடைசி கான்வாய் போற வரைக்கும் தண்ணியிலதான். லீவு எடுத்தா வேற ஆளை வெச்சுடுவாங்க. போர்ட் பிளேர்ல எல்லா மாப்பிள்ளையும் ஓப்பன் ஜீப்புக்கு மாறிட்டாங்க, குதிரைக்காரனை யார் கூப்பிடுறா? க்யா கரேன், என்ன பண்றது, வயித்தைப் பார்க்கணுமே.

அவளுக்குப் புல்லும் கொஞ்சம் கொண்டைக்கடலையும். ஊறவெச்சுக் குடு. பக்கத்து வீட்டு ரெங்கம்மா மாட்டுக்குக் குடுக்குற மாதிரி கஞ்சி, சோறு எல்லாம் வேண்டவே வேண்டாம், வயிறு முறுக்கிச் செத்துப்போகும்.

குளம்பை நான்தான் வெட்டுவேன். கப்பல்ல எங்ககூட வந்த குதிரைக்காரர் ஊர் திரும்புறதுக்கு முன்னாடி எனக்குக் கத்துக்குடுத்தார். இந்தத் தீவுல வேற ஆள் கிடையாது. நானே வந்து வெட்டிட்டுப் போவேன். ஆனா அம்மா காரியம் முடிஞ்ச அன்னிக்கு, சொந்தக்காரங்க முன்னாடி, "இந்தக் கேட்டைத் தாண்டி இனி உள்ளே வராதே"ன்னு சொன்னது நீ. வான்னு ஒரு வார்த்தை எழுது. அடுத்த கான்வாய்ல வந்து நிக்கிறேன்.

அம்மா முதுகை ஏன் இதுல இழுக்கிறே? புண்ணு வந்தப்ப நீ சென்னையில டிரெய்னிங்ல இருந்தே. நான் ஒருத்தன். புரட்டிப் படுக்க வெச்சா அம்மா கத்துவாங்க, விட்டுடுறான்னு அழுவாங்க. விட்டுட்டேன். நீ இருந்திருந்தா புண்ணு வந்திருக்காதுன்னு உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?

ரவி


புரோத்ராபூர்
1 டிசம்பர் 2023

ரவி,

கொண்டைக்கடலை தின்கிறது. முதலில் என் கையிலிருந்து வாங்க மறுத்தது. வாளியை வைத்துவிட்டு நான் திரும்பி நின்றால் மட்டும் தின்றது. இப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்கிறது. இதில் பாசம் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பசிதான்.

வா என்று எழுதச் சொல்கிறாய். வர நினைப்பவனுக்கு அழைப்பு எதற்கு? உன் குதிரை, உன் கத்தி. நான் தடுக்கவில்லை.

கால்நடை மருத்துவர் சுரேந்திரன் வந்து பார்க்கிறார். "காலேஜ்ல குதிரையும் பாடத்துல இருந்துச்சு மேடம். ஆனா வேலைக்கு வந்த பிறகு மாடு, ஆடு, கோழி, போலீஸ் நாய், அவ்வளவுதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. சென்னையில் தன்னோடு படித்த ஒருவரிடம் போனில் கேட்டுக் கேட்டு வைத்தியம் செய்கிறார். தச்சரின் அரம் கொண்டு குளம்பின் நுனிகளை மட்டும் தேய்த்தார். அதற்கு மேல் கைவைக்கப் பயம் என்றார்.

இப்போது பிரச்சினை நடைதான். கொட்டகையிலிருந்து வெளியே கூட்டிவந்தால் பத்தடி நடக்கிறது, நின்றுவிடுகிறது. கொஞ்சம் கழித்துத் தானாகவே ஒரு பத்தடி. மறுபடி நிற்கிறது. குளம்புக்குள் அழற்சி இருக்கிறது, வலியால்தான் நிற்கிறது என்கிறார் டாக்டர். காலையும் மாலையும் ஒரு பொடி, நடக்கவிடாமல் மெத்தென்ற தரையில் ஓய்வு. மரக்கடையிலிருந்து இரண்டு வண்டி மரத்தூள் வாங்கிக் கொட்டியிருக்கிறேன்.

நடக்க ஆசைப்படுகிற மாதிரித்தான் தெரிகிறது. இரண்டு வேளையும் வாசலைப் பார்த்து நிற்கிறது. முன்பும் இப்படி நிற்குமா?

பவானி


பாராடாங்
5 டிசம்பர்

அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு போட்ல உட்கார்ந்து சிரிச்சேன். டூரிஸ்ட் எல்லாம் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பான்.

அவள் பாராத் குதிரை அக்கா! மாப்பிள்ளை ஊர்வலத்துல குதிரை எப்படிப் போகும்? பத்தடி போகும், பேண்டு நிக்கும், மாப்பிள்ளையோட தோஸ்த் எல்லாம் நடுரோட்டுல ஆடுவான், அது முடியிற வரைக்கும் அவ சிலை மாதிரி நிக்கணும். அப்புறம் பத்தடி. அபர்தீன் பஜார்ல இருந்து கோயில் வரைக்கும் போக மூணு மணி நேரம் ஆகும். அவளுக்கு வேற நடையே தெரியாது. டாக்டர் சாப் ஒரு பாராத் கூடப் பார்த்ததில்லையா? மாட்டு டாக்டர் மாடு மாதிரித்தான் யோசிப்பார்.

நின்னா இழுக்காதே. ஆடுறவங்க ஆடி முடிக்கட்டும்னு நினைச்சுக்கோ. அப்புறம் கழுத்துல மூணு தட்டு தட்டி, "சலோ சாந்தினி"ன்னு சொல்லு. போவா. தினம் நடத்து அக்கா. கட்டிப்போட்டுத்தானே இந்தக் கதி ஆச்சு? மறுபடியும் கட்டிப்போட்டா கால் மரத்துப்போகும். ஒரு வலியும் இல்ல, பழக்கம். நான் சத்தியம் பண்றேன்.

வலி வந்தா அவ காதை மடக்குவா, எனக்குத் தெரியாதா?

ரவி


புரோத்ராபூர்
17 டிசம்பர் 2023

ரவி,

நீ சொன்னது சரி.

மூன்று தட்டு, சலோ சாந்தினி. போனது. பத்தடியில் நின்றது, காத்திருந்தேன், தட்டினேன், போனது. முதல் நாள் கேட் வரை. இப்போது தினமும் மாலையில் ரேஷன் கடை வரை போய்த் திரும்புகிறோம். நடு ரோட்டில் ஒரு குதிரையோடு, யாரோ ஆடி முடிக்கட்டும் என்று, புடவை கட்டிய ஒரு பேராசிரியை நிற்கிறாள். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. ரெங்கம்மா தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவள், "மேடம், ஊர்வலம் எல்லாம் சரி, மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டாள். "வயசாயிட்டதால மெதுவா வர்றார்" என்றேன். அவள் சிரித்ததில் மாடு மிரண்டது. நான் இப்படிப் பேசி ரொம்ப நாளாயிற்று என்று அப்புறம் தோன்றியது.

டாக்டரிடம் நீ சொன்னதைச் சொல்லவில்லை. அவர் மனம் நோகும். பொடியை மட்டும் நிறுத்திவிட்டேன். பழக்கத்துக்கு மருந்து எதற்கு? அவர் கேட்டால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.

மூக்குக் காயம் ஆறிவிட்டது. அந்த இடத்தில் முடி கறுப்பாக முளைக்கிறது.

குளம்பு மட்டும் மறுபடி நீள்கிறது. நீ ஒருமுறை பார்த்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

பவானி


பாராடாங்
23 டிசம்பர்

அக்கா,

"பார்த்தால் நல்லது என்று நினைக்கிறேன்." இது கல்லூரியில பியூனுக்கு எழுதுற மாதிரி இருக்கு. வான்னு ஒரு எழுத்து எழுத உனக்கு அவ்வளவு கஷ்டமா?

பரவாயில்ல. ஒரு குஷ் கபர், நல்ல சேதி. ஜனவரி கடைசியில இங்க எங்க போட் முதலாளி பையனுக்குக் கல்யாணம். பாராடாங்ல இதுவரைக்கும் குதிரை மேல மாப்பிள்ளை வந்ததே கிடையாது. நான் சாந்தினியைப் பத்திச் சொன்னேன். முதலாளி லாரி அனுப்பறேன்னுட்டார். கான்வாய்ல லாரி, ஃபெர்ரியில சாந்தினி, நினைச்சுப் பாரேன். அப்புறம் இங்கேயே வெச்சுக்கிட்டு டூரிஸ்ட் பிள்ளைங்களை ஏத்தலாம். உனக்கும் பாரத்தை இறக்கி வெச்ச மாதிரி இருக்கும்.

அதுக்குள்ள நல்லா நடத்தி வை. இன்னும் கொஞ்சம் தூரம் கூட்டு. ரேஷன் கடை கிட்டத்துலதானே இருக்கு, ஜெயில் வரைக்கும் போகலாம்.

உனக்கு கிறிஸ்துமஸ் கேக் அல்போன்ஸ்கிட்ட குடுத்து விட்டிருக்கேன். அவன் தின்னுடாம வாங்கிக்கோ.

ரவி


புரோத்ராபூர்
3 ஜனவரி 2024

ரவி,

கேக் வந்தது. ஒரு ஓரம் குறைந்திருந்தது. "எலி மேடம்" என்றான் அல்போன்ஸ். வாயோரம் துகள் இருந்தது.

குதிரை பாராடாங்குக்கு வராது. முதுகில் மாப்பிள்ளையை ஏற்றும் நிலையில் அது இல்லை. இருந்தாலும் அனுப்பமாட்டேன். எது பாரம், எது இல்லை என்று நான் உன்னிடம் சொன்னதாக நினைவில்லை. நீ எதையும் ஆரம்பிப்பாய். ஆரம்பித்ததை முடிக்க வேறு யாராவது நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன். மறுபடியும் நிற்கமாட்டேன்.

இரண்டு நாளாக நிற்கிற நேரம் கூடிவிட்டது. நேற்று ரேஷன் கடை முன்னால் நின்றது, மூன்று தட்டுக்கும் நகரவில்லை. கடைக்காரர் கடையைச் சாத்தும் வரை நின்றோம். அப்புறம் முன்னங்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வந்தது. காதை மடக்கவில்லை. கவனித்துப் பார்த்தேன்.

இதுவும் பழக்கம்தானா?

பவானி


பாராடாங்
7 ஜனவரி

அக்கா,

ஒண்ணரை மாசம் கடலை ஊறப்போட்டா குதிரை உன்னுது ஆகிடுமா? அது என் குதிரை. கப்பல்ல அது வாந்தி வர்ற மாதிரி தலையை ஆட்டிக்கிட்டு நின்னப்ப ராத்திரி பகல் பக்கத்துல நின்னவன் நான்.

முதலாளிகிட்ட வார்த்தை குடுத்தாச்சு. 25ஆம் தேதி லாரி வரும். கேட்டுக்கு வெளியில கொண்டாந்து விடு, போதும். உன் மண்ணை மிதிக்க மாட்டேன்.

நிக்கிறது சோம்பேறித்தனம். ரொம்ப நாள் வேலை இல்லாத குதிரை அப்படித்தான் பண்ணும். நாலு தட்டு தட்டு.

ரவி


புரோத்ராபூர்
11 ஜனவரி 2024

ரவி,

உன் போனுக்கு ஐந்தாறு முறை அடித்துப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. அதனால் அல்போன்ஸிடம் இதை இன்றைய பஸ்ஸிலேயே தருகிறேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து சாந்தினி எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்தார். முன்னங்குளம்புகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொடியை எப்ப நிறுத்தினீங்க மேடம்?" என்று கேட்டார். சொன்னேன். "நடக்க வெச்சீங்களா?" சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மரத்தூளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப்பிடித்திருக்கும் சதை அழற்சியில் விட்டுப்போய், எலும்பு கீழே இறங்கிவிட்டதாம். உள்ளங்காலைக் குத்திக்கொண்டு நிற்கிறது. பத்தடிக்கு ஒருமுறை நின்றது பழக்கம்தான், அதை டாக்டரும் ஒப்புக்கொண்டார். ஆனால் வலியும் இருந்திருக்கிறது. பழக்கத்தால் நின்றது எது, வலியால் நின்றது எது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நீ பாராடாங்கில் இருந்துகொண்டு, நாலு மாதத்துக்கு முன் பார்த்த குதிரைக்குச் சத்தியம் செய்தாய். நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் அல்ல. இதை நம்பினேன். ஏன் என்று யோசித்தேன். நீ சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

இதைச் சரிசெய்ய இந்தத் தீவில் வழியில்லை. கப்பலில் ஏற்றும் நிலையிலும் இல்லை. ஊசி போட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். உரிமையாளர் சொல்ல வேண்டும் என்கிறார். சனிக்கிழமை காலை வருவார்.

பவானி


பாராடாங்
12 ஜனவரி

அக்கா,

ஊசி போட விடாதே. நாளைக்கு முதல் கான்வாய்ல வர்றேன். கத்தியும் அரமும் எடுத்துட்டு வர்றேன். குளம்பைச் சரியா வெட்டினா எலும்பு மேல ஏறும்னு அந்தக் குதிரைக்காரர் சொல்லியிருக்கார். சொன்ன மாதிரி ஞாபகம்.

கேட் வரைக்கும் வர்றேன். அப்புறம் உன் இஷ்டம்.

ரவி


புரோத்ராபூர்
14 ஜனவரி 2024

ரவி,

உன் கடிதத்தை அல்போன்ஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கொடுத்துவிட்டான். மறுநாள், அதாவது நேற்று, சாலையில் நின்ற உனக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொட்டகைச் சுவர் பாதியை மறைத்திருக்கும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

டாக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். பஸ் வரட்டும் என்றேன். சரி என்று உட்கார்ந்தார். சாந்தினி பக்கவாட்டில் கிடந்தது. இரவெல்லாம் எழ முயன்று பின்னங்கால்களால் மரத்தூளைத் தள்ளிச் சிமெண்டுத் தரை தெரிய வைத்திருந்தது. இடுப்பிலும் தோளிலும் தோல் உரிந்திருந்தது. காலையில் முயலவில்லை. தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிழிந்தால் உதட்டை அசைத்தது. உன் குளம்புக் கத்தியைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். முதல் வாரத்தில் என்றால் ஒருவேளை, இப்போது இல்லை என்றார்.

பத்து மணி தாண்டியபோது ரெங்கம்மா வந்து, "மேடம், தம்பி வந்து கேட்டுக்கு வெளியில அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட நிக்கிறாரு. கையில சாக்குப் பை. கூப்பிடட்டுமா?" என்றாள். குதிரையின் தலை என் மடியில் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எப்படியோ புரிந்துகொண்டு போய்விட்டாள்.

சுவருக்கு மேலே உன் தலை தெரிந்தது. மெலிந்திருக்கிறாய். முடி நரைத்துவிட்டது. நீ வருவாய் என்று நான் காத்திருந்தேன். டாக்டரும் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்போது சாந்தினி ஒரு சத்தம் போட்டது, கனைப்பு அல்ல, ஒரு முனகல். நீயும் கேட்டிருப்பாய். நீ ஓரடி முன்னால் வந்தாய். அங்கேயே நின்றுவிட்டாய்.

"சொல்லுங்க மேடம். இதுக்கு மேல வெச்சிருக்கறது நல்லதில்லை" என்றார் டாக்டர்.

போடுங்கள் என்றேன். உன்னைக் கேட்கவில்லை.

இரண்டு ஊசிகள். முதல் ஊசியில் கழுத்து தளர்ந்தது. இரண்டாவதுக்குப் பிறகு ஒரு நீண்ட மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. துடிக்கவில்லை. இது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். நான் நிமிர்ந்து பார்த்தபோது தண்ணீர்த் தொட்டி அருகில் யாரும் இல்லை. மதியக் கான்வாயில் நீ திரும்பியதாக அல்போன்ஸ் சொன்னான்.

மூன்று மணிக்கு ஜேசிபி வந்தது. தென்னந்தோப்பின் கடைசியில் புதைத்தோம்.

இன்னும் ஒன்று. கேட்டை நான் காலை ஆறு மணிக்கே திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல் வைத்திருந்தேன். டாக்டருக்காகத் திறந்திருக்கிறது என்று நீ நினைத்திருக்கலாம். டாக்டர் எப்போதும் ரெங்கம்மா வீட்டு வழியாகத்தான் வருவார். அது உனக்குத் தெரிந்திருக்காது.

இருட்டியதும் ரெங்கம்மாவின் மாடுகள் உள்ளே வந்துவிடும் என்று கல்லை எடுத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினேன்.

பவானி